ஆழாக்கைத் தேட வேண்டாம்

மஸ்கட், வெள்ளிக்கிழமை

அன்புள்ள ஜாஸ்லின் அப்பாவுக்கு,

மாதா தயவில் நான் சுகம். உங்கள் மூட்டு வலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்கிறீர்களா?

போன வாரம் போனில் ஜாஸ்லின், "அப்பா தினமும் ஒரு சட்டி சோத்தைக் கொட்டுறாங்கம்மா" என்றதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. அரிசி விற்கிற விலைக்கு இது தேவையா? மிஞ்சினால் தண்ணீர் ஊற்றி வையுங்கள். காலையில் இரண்டு பேரும் மோர் விட்டுச் சாப்பிடலாம். கீரையையும் வாங்கி வாங்கி ஃப்ரிட்ஜில் அழுக விடாதீர்கள்.

"ஆழாக்கைக் காணோம் ராணி. கையால அள்ளிப் போடுறேன், கூடிப்போயிடுது" என்று நீங்கள் சொன்னபோது நான் பேச்சை மாற்றிவிட்டேன். அது என்னிடம்தான் இருக்கிறது. கிளம்பிய அன்று அரிசி டிரம்மிலிருந்து எடுத்துப் புடவைக்குள் சுற்றிக்கொண்டு வந்துவிட்டேன். இங்கே வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் மெஸ்ஸில்தான் சாப்பாடு. அளக்க எனக்கு ஒன்றுமில்லை. நேற்று என் அறையில் தங்கியிருக்கும் நர்ஸ் என் தலையணைக்கடியில் அதைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன்.

லீவில் ஊருக்கு வரும் நம் தெரு டோமினிக்கிடம் இந்தக் கடிதத்தோடு அதையும் கொடுத்தனுப்பத்தான் நினைத்தேன். மனசு வரவில்லை. காட்டூர் பாத்திரக்கடையில் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு பேருக்கு ஒன்றரை ஆழாக்கு போதும்.

டோமினிக் கீழே வந்துவிட்டார், முடிக்கிறேன். அவர் திரும்பும்போது நம் டிரம்மிலிருந்து ஒரே ஒரு ஆழாக்கு அரிசி கொடுத்தனுப்புங்கள். சமைக்க இல்லை. வீண்தானே என்று நீங்களும் என்னைத் திட்டிக்கொள்ளுங்கள்.

லூர்துராணி