ஆடிக் காற்றில் பார்த்த புகை

இன்று காலை வாசல் கதவைக் காற்று அறைந்து சாத்தியது. திறக்கப் போனால் வெளியே ஒருவர் நிற்கிறார். ஊருக்குக் கிழக்கே செங்கல் சூளை போடப் போகிறாராம். தெருக்காரர்களிடம் சம்மதம் கேட்டு வீடு வீடாக வருகிறார். "புகையைப் பத்திக் கவலையே வேண்டாங்க. நேத்துதான் வைக்கோலைக் கொளுத்திப் பாத்தேன். எல்லாம் வயக்காட்டுப் பக்கம் ஓடிடுச்சு" என்றார். அவர் வேட்டியில் அந்தப் புகை வாசனை இன்னும் போகவில்லை. உட்காரச் சொல்லிவிட்டு மோர் எடுக்க உள்ளே வந்தவள், சமையலறையில் நின்று தனியாகச் சிரித்தேன். நீ இருந்திருந்தால் அந்த மனிதரை என்ன பாடு படுத்தியிருப்பாய்!

நீயும் நானும் ஒரே வருஷம் அடுத்தடுத்த வீட்டுக்கு மருமகளாக வந்தவர்கள். தெருவுக்கு வடகிழக்கே நெல் ஆலை வந்ததும் இதேபோல ஓர் ஆடியில்தான். ஆலைக்காரர் நம் தெருக்காரர். நல்ல நாளாக இருக்கட்டுமென்று ஆடிப்பெருக்கன்று நெல் அவிக்கும் அடுப்பை முதன்முதலாக மூட்டினார். ஊரே ஆற்றங்கரையில் சித்திரான்னம் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தது. மேல்காற்று உமிப் புகையை வாரிக்கொண்டு கிழக்கே போயிற்று. பேஷ் என்றார்கள் எல்லோரும், நீ உட்பட. காற்று திரும்பும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நம் ஊருக்கு ஆடிக் காற்று மட்டும்தான் காற்று.

மார்கழி வந்தது. ஆலையில் விடியுமுன்னே மூட்டும் அடுப்பின் புகையை வாடை தெருவுக்குள் தள்ளியது. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். இரண்டு ஆற்றுப் பனியும் விடியற்காலையில் ஊர்மேல் மூடி போட்டாற்போல உட்கார்ந்துகொள்ள, புகை அதற்கடியில் மாட்டிக்கொண்டது. என் பெண் அப்போது சின்னக் குழந்தை. இழுப்பு வந்து, விலா எலும்பு தெரிய மூச்சுக்குத் தவித்தாள். "இங்கத்துக் காத்து குழந்தைக்கு ஆகலை. மணப்பாறைப் பக்கம் வறண்ட மேட்டு பூமி, அங்க அனுப்பிடுங்க" என்றார் புத்தூர் டாக்டர். அங்கேதான் நாத்தனார் வீடு. மாமியார் படுத்த படுக்கையாக இருந்ததால் நான் கூடப் போக வழியில்லை. குழந்தையை மட்டும் அனுப்புவதாக முடிவாகி, என் கணவர் வண்டியும் சொல்லிவிட்டார்.

நான் உன் மடியில் விழுந்து அழுதேன். நீயோ உன் வெந்நீர் அடுப்பைக் காட்டினாய். "இதைப் பாருடி. விடியக்காலம் மூட்டினா புகை தரையோட படுத்துக்கறது. வெயில் ஏறினப்புறம் மூட்டினா நேரா மேலே போயிடறது. ஆலைப் புகைக்கு மட்டும் வேற சட்டமா?"

நாம் இருவரும் ஆலைக்காரரிடம் போனோம். "ஆடிப்பெருக்கன்னிக்கு ஊரே பாத்துதே! புகை கெழக்கேன்னா போச்சு?" என்றார்.

"மாமா, காத்து என்ன உங்காத்துக் கணக்குப்பிள்ளையா, சொன்ன பக்கமே போறதுக்கு?" என்றாய். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் விடிந்ததும் தெருப் பெண்கள் அத்தனை பேரையும் திரட்டிவிட்டாய். குளிக்காமல் யாரும் தொடக் கூடாதென்று உயரக் கொடியில் உலர்த்தியிருந்த மடிப் புடவைகள் எல்லாவற்றிலும் உமிக்கரி. இவ்வளவுக்குப் பிறகும் கையால் தொட மனம் வராமல், அவற்றைக் கொடியிலிருந்து எடுக்கும் மடிக்கோல் நுனியிலேயே தூக்கிக்கொண்டு ஊர்வலமாகப் போனோம். ஆலைக்காரர் வீட்டு வாசலில் கொடி கட்டி வரிசையாகப் போட்டோம். அவர் மனைவி எட்டிப் பார்த்தாள். உள்ளே போய், கரி படிந்த தன் புடவையையும் கோலில் ஏந்திவந்து பக்கத்தில் போட்டாள்!

"ஆலையை மூடிட்டு நான் காசிக்குப் போகட்டுமா?" என்று கத்தினார் அவர்.

"யார் மூடச் சொன்னா? பனி விலகட்டும், அப்புறம் அடுப்பை மூட்டுங்கோ. வாடை அடங்கற வரைக்கும்தான்" என்றாய்.

அடுத்த நாள் தெருவே மொட்டை மாடியில். வெயில் நன்றாக ஏறியபின் புகை கிளம்பியது. நேரே மேலே போய், கோபுரத்தையும் தாண்டிக் கலைந்து காணாமல் போயிற்று. கைதட்டியவர்களைப் பார்த்து, "போறும், போய் உலை வையுங்கோ" என்று விரட்டினாய். ஆனால் உன் கண் நிறைந்திருந்ததை நான் பார்த்தேன். அந்த வாரமே குழந்தை இழுப்பில்லாமல் தூங்கினாள். சொல்லிவைத்த வண்டி வாசலில் வந்து நின்றபோது, "ஊருக்கு யாரும் போகலை, நீ போயிட்டு வாப்பா" என்று திருப்பி அனுப்பியவளும் நீதான்.

போன வாரம் என் பெண் மலைக்கோட்டை உச்சிவரை நிற்காமல் ஏறிவிட்டு, பாதியில் உட்கார்ந்த என்னைக் கேலி செய்தாள். பங்குனியில் நீ கண்ணை மூடியதிலிருந்து உன்னை நினைக்கவே பயந்துகொண்டிருந்தேன். அன்று அந்தப் படியில் அழுகை வரவில்லையடி, பெருமைதான் வந்தது.

மோரைக் குடித்து முடித்த சூளைக்காரர், "அப்ப உங்க சம்மதம் உண்டுதானேம்மா?" என்றார்.

"மார்கழியில வாங்கோ. விடியக்காலம் அதே இடத்துல அதே வைக்கோலைக் கொளுத்துங்கோ. தெருப் பொம்மனாட்டிகள் எல்லாரும் மடிக்கோலோட வந்து பாக்கறோம்" என்றேன்.

அவர் விழித்தார். "மடிக்கோல் எதுக்கும்மா?"

"ஆலைக்கார மாமாவைக் கேளுங்கோ, சொல்லுவார்."