ரெண்டு கட்டை சந்தேகம்

தை 12, ஞாயிறு

புதன்கிழமை மகளின் ரிசப்ஷனில் நான் ஒரு காதல் பாட்டுப் பாடுகிறேன். அதன் உச்ச இடம் ஒரு மாதமாக என்னை மதிக்கவே இல்லை. வயிற்றிலிருந்து மூச்செடுத்தேன், தாடையைத் தளர்த்தினேன். வந்ததெல்லாம் பென்னாகரம் பஸ்ஸின் பிரேக் சத்தம்தான். சம்பந்தி முன்னால் குரல் உடைந்தால் மகள் முகத்தில் எப்படி விழிப்பது?

இன்று ஒத்திகையில் அந்த இடம் கூப்பிட்டதும் வந்து நின்றது. எனக்கே பயமாகிவிட்டது.

"சுருதிய ரெண்டு கட்டை எறக்கிட்டியாப்பா?" என்று கீபோர்டு மாணிக்கத்திடம் கேட்டேன்.

"அதே கட்டைதாங்கண்ணா. உங்க குரல்தான் தொறந்துக்கிச்சு," என்றான், சுருதி மாற்றும் பட்டனைக் கையால் மறைத்தபடி. இடைவேளையில் எல்லோருக்கும் இரண்டு போண்டா, அவன் தட்டில் மட்டும் நான்கு. பரிமாறியவள் என் மனைவி.

வீட்டுக்கு வந்ததும் அவளிடமே கேட்டேன். "அவங்கிட்ட நீ ஏதாச்சும் சொன்னியா?"

"நான் எதுக்குங்க சொல்லணும்? இன்னைக்கு நல்லாத்தான் பாடுனீங்க. பேசாம படுங்க."

இருபத்தாறு வருடத்தில் அவள் என்னைப் பாராட்டியது இதுவே முதல் தடவை. வேறு சாட்சி எதற்கு?

ஒத்திகை முழுதும் செல்போனில் பதிவாகியிருக்கிறது. சுருதிப்பெட்டியோடு வைத்துக் கேட்டால் உண்மை தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் புதன்கிழமை வாய் திறக்காது. செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.