டத்தோ சவாரி

வெள்ளிக்கிழமை இரவு, கிள்ளான்.

விமான நிலையத்துக்கு ஆள் ஏற்றுவதில் கிள்ளானிலேயே என் வேனுக்கு ஈடு கிடையாது. ரோடெல்லாம் வெள்ளமாய் ஓடிய நாளில்கூட ஒரு மந்திரியை நேரத்துக்குக் கொண்டுபோய் இறக்கியவன் நான். ஆனால் கணவனோடு மெல்பர்னில் குடியேறக் கிளம்பிய என் மகள் கவிதா இன்று வேறு காருக்குச் சொல்லிவிட்டாள்.

“அப்பா, நம்ம வேன் வேணாம் லா. ஆப்ல கார் புக் பண்ணிட்டேன்.”

எனக்குச் சுருக்கென்றது.

“நல்லதாப் போச்சும்மா. எனக்கும் ஒரு டத்தோ சவாரி இருக்கு, பட்டம் வாங்குன பெரிய மனுஷரு. என்னை விட்டா வேற டிரைவரே வேணாங்கிறாரு,” என்று அளந்துவிட்டேன்.

அவள் முகம் வாடிப்போனது.

“வேற ஆள அனுப்ப முடியாதாப்பா? நீங்க ஓட்டுனா ரோட்டத்தான் பாப்பீங்க. என் பக்கத்துல உக்காந்து வரணும்னுதான் பெரிய காரா புக் பண்ணேன்.”

மாப்பிள்ளை பார்த்துக்கொண்டு நின்றார். பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“டத்தோ கோவிச்சுக்குவாரும்மா.”

அவள் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுக் காரில் ஏறினாள். நான் காலி வேனை ஷா ஆலம் வரை ஓட்டிப் போய், ஒரு பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தி உட்கார்ந்திருந்தேன். விமானம் ஏறுமுன் கூப்பிட்டாள். நான் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பதாக நினைக்கட்டும் என்று எடுக்கவில்லை.