ஃப்ரிட்ஜ் ஓரத்து ஈரத் துண்டு

10 ஜூலை

கரண்ட் பில் மெசேஜ் வந்ததிலிருந்து இந்த வீட்டில் நான்தான் குற்றவாளி. "ஏட்டி பிரியா, ஃப்ரிட்ஜை நீ திறந்து திறந்து மூடுததுலதான் கரண்டு போவுது" என்கிறார் இவர். நானா? அதைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தது யார்? கதவு ரப்பரைச் சோப்புத் தண்ணீர் தொட்டுத் துடைப்பது யார்? ஆறாத குழம்பை நான் உள்ளே வைத்ததே இல்லை. என் இன்சுலின் அதில்தான் இருக்கிறது. என்னைவிட யார் அதைப் பத்திரமாகப் பார்ப்பார்கள்?

13 ஜூலை

சாரல் விடவில்லை. இவருடைய அக்கா, முருகம்மாள் மதினி, சாத்தூரிலிருந்து குடும்பத்தோடு அருவிக்கு வந்திருக்கிறார். கொடியில் போட்ட துணியெல்லாம் ஈரம். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் ஃப்ரிட்ஜ் மோட்டார் ஓய்வில்லாமல் ஓடுகிறது. ஏன்?

17 ஜூலை

காலையில் பால் திரிந்துபோயிருந்தது. உள்ளே குளிர்ச்சியே இல்லை. கேட்டால், பில் வந்த நாளிலிருந்து படுக்கப் போகும்போது ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டு விடிந்ததும் போடுகிறாராம். சிக்கனமாம்.

என் மருந்து? "சாரல் குளிருக்கு அதுக்கு ஒண்ணும் ஆவாது" — யாரு சொன்னா? டாக்டருக்குப் படிச்சிருக்காரா இவரு?

மருந்துக்கடையில் விசாரித்தேன். இத்தனை நாள் மாறி மாறிச் சூடானதை நம்பிப் போடாதீர்கள், புதிது வாங்குங்கள் என்றார்கள். ஒரு வாரமாகச் சுகர் ஏறிக் கிடந்ததும், வகுப்பில் தலைசுற்றி மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றதும் இதனால்தானா? பாவி மனுசன்.

18 ஜூலை

மழை லீவு. பகலில் வீட்டில் இருந்ததால் தெரிந்தது.

அருவியிலிருந்து வந்ததும் மதினி ஃப்ரிட்ஜின் இரண்டு பக்கமும் ஈரத் துண்டுகளைத் தொங்கவிட்டார். தொட்டுப் பார்த்தேன். பக்கமெல்லாம் சுட்டது. சூடு வெளியே போக வழியில்லாமல் மோட்டார் திணறிக்கொண்டிருந்தது. என்ன மதினி இது என்றேன்.

"ஓரம் கதகதன்னு இருக்குல்லா, வெரசா காஞ்சிருது. தம்பிதான் சொன்னான். அவன் தெனமும் இங்கனதான் காயப்போடுதானாம்."

தினமும்! அருவியில் சீசன் தொடங்கியதிலிருந்து குளித்துவிட்டு வந்து போடுவது, நான் பண்பொழிப் பள்ளிக்கூடத்திலிருந்து பஸ்ஸில் திரும்புவதற்குள் எடுத்து மடித்துவிடுவது. பழி மட்டும் எனக்கு.

துண்டுகளை அள்ளி இவர் மடியில் போட்டேன், மதினி முன்னாலேயே. "இனிமே அந்தச் சுவிட்சுல ஒங்க கை படக்கூடாது. உள்ள இருக்கது என் உசுரு."



19 ஜூலை

இன்னும் ஆறவில்லை.

9 செப்டம்பர்

பில் மெசேஜ். போன தடவை வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வந்தவர், இந்த முறை போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனார். எடுத்துப் பார்த்தேன். நன்றாகவே குறைந்திருந்தது. சத்தமாக வாசித்தேன். அருவிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் காதில் விழாமல் இருக்காது.  மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இன்றுவரை இல்லை.

குளித்துவிட்டு வந்தவர் பழக்கதோஷத்தில் ஈரத் துண்டோடு ஃப்ரிட்ஜ் வரை போனார். நின்றார். என்னைப் பார்த்தார். திரும்பி வந்து, துண்டை நாற்காலியில் விரித்துவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

நான் போய் மருந்தை எடுத்தேன். ஜில்லென்று இருந்தது. ஊசி போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன்.