ஆளுக்குப் பாதிப் புத்தகம்

1942 ஏப்ரல் 19

ஊர் வந்து ஒரு வாரம். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று சென்னையில் காலேஜை மூடிவிட்டார்கள். கணக்கு ஆனர்ஸுக்கு எனக்கும் அருணகிரிக்குமாக ஒரே புத்தகம். ரயிலிலேயே பேனாக்கத்தியால் தையலை அறுத்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டோம். முன்பாதி அவனோடு சேலம் அம்மாபேட்டைக்கு, பின்பாதி என்னோடு திருச்செங்கோட்டுக்கு. ஜூனில் மாற்றிக்கொள்வதாகப் பேச்சு.

மே 3

என் பாதி மேட்ரிக்ஸ் அதிகாரத்தில் தொடங்குகிறது. எண்களை மூன்று வரிசை, நான்கு பத்தியாக அடுக்கிவிட்டு, இதன் ‘ராங்க்’ இரண்டு என்கிறான் புத்தகம் எழுதியவன். ராங்க் என்றால் என்ன? சொல்லவில்லை. ஏன் இரண்டு? ஒன்றாக இருந்தால் ஆகாதா?

மே 11

புரியவில்லை.

மே 17

சதுரமாக இருந்தால் பெருக்கிக் கழித்து டிட்டர்மினன்ட் என்று ஒரே எண்ணாக்கிவிடுவேன், அதில் என்னை அடிக்க ஆளில்லை. இது சதுரமே இல்லையே — என்ன செய்ய? ராங்க் பற்றி வகுப்பில் சொல்லியிருப்பார்களோ? நான் தூங்கிவிட்டேனோ? அருணகிரிக்கு ஒரு கார்டு போட்டுக் கேட்கலாம். இதுகூடத் தெரியாமலா ஆனர்ஸ் படிக்கிறாய் என்று சிரிப்பான். வேண்டாம்.

ஆத்தா கேட்டாள்: “ஏஞ் சாமி, சோத்தப் பெசஞ்சுக்கிட்டே உக்காந்திருக்கற?” என்னத்தைச் சொல்ல!

மே 29

காலேஜிலிருந்து கடிதம். ஆனர்ஸ் முடியாதவர்கள் சாதாரண பி.ஏ.வுக்கு மாறலாம், ஜூன் பதினைந்துக்குள் எழுத வேண்டும். எழுதிவிட்டேன். எனக்கு மூளை இல்லை, அவ்வளவுதான். தபாலில் போடக் கிளம்பினேன். ஐயன் விடவில்லை. “பொஸ்தகத்துல அந்தப் பையனுக்கும் பங்கிருக்குதல்ல? அதய மொதல்ல கொண்டுபோயிக் குடுத்துட்டு வா.”

ஜூன் 4

அம்மாபேட்டை போனேன். அருணகிரி வெளியே போயிருந்தான். அவன் தாயார் குஞ்சம்மாள் உட்காரச் சொன்னார். அவன் பாதியைச் சும்மா புரட்டினேன். கடைசி ஏட்டின் அடியில் கிடக்கிறது! சில வரிசைகளையும் பத்திகளையும் அடித்துவிட்டுச் சதுரமாக்கு. டிட்டர்மினன்ட் பூஜ்யமாகாத சதுரங்களில் மிகப் பெரியது எத்தனை வரிசையோ, அதுதான் ராங்க். அடப்பாவி! இரண்டே வரி. இதற்கா ஒரு மாதம் என்னை மடையன் என்று திட்டிக்கொண்டேன்? தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

அருணகிரி வந்ததும் காட்டினேன். அவன் சிரிக்கவில்லை.

“எங்கிட்ட இது இருந்துச்சுடா. இது எதுக்குன்னுதான் தெரியல. அப்படீன்னா இது, இப்படீன்னா அதுன்னு வந்துக்கிட்டே இருக்கு, ஒண்ணுக்கும் உபயோகம் சொல்லல.”

உபயோகமெல்லாம் என் பாதியில் இருந்தது.

“ஒரு கார்டு போட்டிருக்கலாமேடா?” என்று கேட்டேன்.

“நீ சிரிப்பேன்னு போடல.”

படிப்பையே விடுவதாகப் போன மாதமே எழுதிவிட்டானாம். மேட்டூரில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா வேலை, திங்கட்கிழமை சேர வேண்டும்.

“வேலை வேண்டாம்னு சொல்லு. நானே வந்து பேசட்டுமா?”

“அம்மா மூஞ்சியப் பாத்தியா? நேத்துத்தான் தெருவெல்லாம் சர்க்கரை குடுத்துச்சு.”

ஜூன் 5

என் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். சந்தோஷமாக இருக்க வேண்டும். இல்லை. புத்தகத்தை அந்த இடத்தில் அறுத்தது நான்தானே?

ஜூலை 6

காலேஜ் திறந்துவிட்டது. வருகைப் பதிவில் அருணகிரி பெயரை இன்னும் எடுக்கவில்லை. இரண்டு தடவை கூப்பிட்டார்கள். நான்தான் எழுந்து, அவன் வரமாட்டான் என்றேன்.

இன்று பாடம் ராங்க். வகுப்பே புரியாமல் விழித்தது. எனக்கு எல்லாம் புரிந்தது, அழுகைதான் வந்தது.