மூன்று தடவை கூப்பிடும் வேலை

12.1.1993
என் பெயர் கருத்தப்பாண்டி. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் பெயர் சொல்லிக் கூப்பிடும் டவாலி. வயது ஐம்பத்தொன்பது. இதை எழுதி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது. ஆறட்டும்! பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித்தரும் அறிவொளி வகுப்பு டீச்சரம்மா தினமும் எழுதச் சொல்லியிருக்கிறார்.

13.1.1993
இருபது வருஷமாகக் குமாஸ்தா பெயர்களை என் காதில் சொல்வார், நான் கத்துவேன். இன்று பட்டியலை அவர் காதில் நான் வாசித்தேன்.

9.2.1993
ராஜபாளையத்து வழக்கு. வீட்டு வேலைக்கு நின்ற எட்டு வயது அசீனா கையில் சூடு வைத்ததாகச் சுயம்புலிங்கம் மேல் கேஸ். வேறு சாட்சி இல்லை. பிள்ளை சொன்னால்தான் உண்டு.

வராந்தாவில் நின்று, வழக்கப்படி மூன்று தடவை கூப்பிட்டேன். என் சத்தம் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும். பிள்ளையும் பஸ் ஸ்டாண்டு வரை ஓடிவிட்டது. மதுரை பஸ்ஸில் சீட்டுக்கு அடியிலிருந்து பிடித்து வந்தார்கள். வாயே திறக்கவில்லை. வாய்தா.

மாஜிஸ்திரேட் ஐயா, "சாட்சியக் கூப்பிடச் சொன்னா வெரட்டிவிட்டுட்டியேய்யா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

வெளியே எதிரி வக்கீல் முதுகில் தட்டினார். "அண்ணாச்சி, அடுத்த வாய்தாவுக்கும் இதே சத்தம் வேணும். எங் கட்சிக்காரன் வீட்டுக்குப் போயிருவான்."

சிரிப்பு நின்றது.

10.2.1993
பிள்ளையின் அம்மா நூர்பானு நேற்றுச் சொன்னது: "அவனும் மூணு தடவதான்யா கூப்பிடுவான். அதுக்குள்ள போய் நிக்கலன்னா கரண்டியக் காய வச்சிருவான்."

ஏலே கருத்தப்பாண்டி, என்ன கத்துக் கத்துன நீ?

9.3.1993
வராந்தாவில் பிள்ளை முன்னால் குந்தினேன். முழங்கால் மடக்கென்றது.

"தாயி, இன்னைக்கு நீ என்னையக் கூப்பிடு. நான் வாரேன்."

"தாத்தான்னா?"

"பேரச் சொல்லித்தான். கோர்ட்டுல அப்படித்தான்."

முதல் தடவை எறும்புச் சத்தம். "கேக்கல" என்றேன். மூன்றாவது தடவை, "கருத்தப்பாண்டீ!" — மரத்துக் காக்காய் அம்புட்டும் பறந்தது. தலைப்பாகை கழன்று விழக் கோர்ட்டுக்குள் ஓடி, "ஆஜர் ஐயா!" என்று நின்றேன். மாஜிஸ்திரேட் எழுந்தேவிட்டார். நல்ல திட்டு! ஆனால் பிள்ளை சிரித்துக்கொண்டே பின்னால் உள்ளே வந்துவிட்டது.

ஐயா கேட்டார்: "பொய் சொல்லலாமா?"

"கூடாது." சுயம்புலிங்கத்தைக் காட்டி, "இவரு கேட்டா மட்டும் பொய் சொல்லுவேன்."

"ஏம்மா?"

"நெசத்தச் சொன்னா சுடுவாரு."

எதிரி வக்கீல், "இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தா?" என்று மடக்கினார்.

"சுட்டது எங் கையில. யாரு சொல்லிக் குடுக்கணும்?"

8.6.1993
சுயம்புலிங்கத்துக்கு ஒரு வருஷம் ஜெயில்.

அசீனா இப்போது இரண்டாம் வகுப்பாம். வாத்தியார் பெயர் வாசித்தால், "உள்ளேன் ஐயா!" என்பது தெருமுனை வரை கேட்கிறதாம். "மெதுவாச் சொல்லுட்டி" என்று அவர் காதைப் பொத்திக்கொள்கிறாராம்.