மாடி அறையில் இரண்டு ரயில்கள்

லாத்தா, இன்று காலை பக்கத்து வீட்டுக் கல்யாணப் பத்திரிகை வந்தது. கண்ணைப் பறிக்கிற ஜிகினா அட்டை. கையில் வாங்கியதுமே நகத்தால் சுரண்டிவிட்டேன். கொடுக்க வந்த அந்த வீட்டம்மாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! ஜிகினாவைக் கண்டால் எனக்கு உங்கள் நினைப்பு வந்துவிடும் என்று அவரிடம் எப்படிச் சொல்ல?

அண்ணனுக்கு நீங்கள், தம்பிக்கு நான் என்று ஒரே வீட்டுக்கு வாழ வந்தோம்; அக்கா முறையில் உங்களை லாத்தா என்றேன். விருதுநகரில் கீழே பட்டாசு லேபிள் கிடங்கு, மேலே நம் குடித்தனம். இரண்டாயிரத்துக்குப் பிறகான அந்த வருடங்களில், துபாயிலிருந்து ஒவ்வொரு லீவுக்கும் வரும்போது எல்லாரும் சென்ட்டும் போர்வையும் கொண்டுவருவார்கள். உங்கள் வீட்டுக்காரர் பொம்மை ரயிலுக்குத் தண்டவாளம் கொண்டுவருவார். மாடி அறையில் பெரிய பலகை போட்டு, ஒரு ஸ்டேஷன், அதன் ஓரம் ஒரு பக்கத் தடம், இரண்டு இன்ஜின் என்று பரப்பி வைத்திருந்தார். ஒரு குறைதான். தண்டவாளம் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்திருந்ததால் கரண்ட் எங்கும் ஓடியது. சுவிட்சைப் போட்டால் இரண்டு இன்ஜினும் ஒன்றாகக் கிளம்பி, போய் முட்டிக்கொள்ளும். "அடுத்த லீவுல பக்கத் தடத்தைத் தனியாப் பிரிச்சு விடுதேன். ஒண்ணு நிக்கட்டும், ஒண்ணு ஓடட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த லீவு வரவில்லை. அங்கேயே அடக்கமும் முடிந்துவிட்டது.

அந்த அறையிலேயே, புருஷனை இழந்தவள் இருக்க வேண்டிய இத்தாவை நீங்கள் இருந்தீர்கள். நாலு மாதச் சொச்சம் வாசல் தாண்டக் கூடாது, வெளியாண்கள் முகம் பார்க்கக் கூடாது. இருந்த ஒரே ஜன்னலையும் நம் மாமியார் சாத்திவைத்தார். மேலே வெயில் காய்ந்த தளம், கீழே லோடு ஏற்றுகிறவர்களின் சத்தம். சாப்பாடு கொண்டுவரும் எனக்கே மூச்சு முட்டும். இத்தா முடிந்த மறுநாள் உங்களை அழைத்துப்போவதாக உங்கள் தம்பி சொல்லிவிட்டார். அதே நாளில் தீபாவளி சீசன் லேபிள் பண்டல்களை அந்த அறையில் அடுக்குவதாக என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். பலகையைப் பிரிக்க ஆள்கூடப் பேசியாயிற்று.

"அதுக்குள்ள அவுக நெனச்சதை நான் ஓட்டிப் பார்த்திரணும் புள்ள" என்றீர்கள். உங்களுக்கு மிஞ்சியிருந்த ஆசை அது ஒன்றுதான்.

எலக்ட்ரீஷியன் மேலே வர முடியாது. அவர் கீழே படிக்கட்டில் நிற்க, நான் ஏறி இறங்கிச் சேதி சொன்னேன். "பக்கத் தடத்துல ரெண்டு கம்பில ஒண்ணை மட்டும் அறுத்து எடைவெளி விடச் சொல்லுங்க. அறுத்ததுக்கு அங்கிட்டு ஒரு சுவிட்ச் வச்சுக் கரண்ட் குடுக்கச் சொல்லுங்க" என்றார் அவர். பிளேடு வைத்து நீங்களே அறுத்தீர்கள். சூட்டில் கம்பி நீண்டு இடைவெளி மறுபடி ஒட்டிக்கொண்டது. நடுவே எதையாவது செருக வேண்டும். கிடங்கில் அட்டைக்கா பஞ்சம்? பார்க்க அழகாக இருக்கட்டுமே என்று ஜிகினா லேபிள் அட்டையை நான்தான் பொறுக்கி வந்தேன். கனம் பத்தாமல் மினுமினுப்பு வெளியே தெரியும்படி இரண்டாக மடித்துச் செருகினோம்.

சுவிட்சைப் போட்டால், எழவு, இரண்டும் கிளம்பி மறுபடி முட்டின! நீங்கள் பலகையில் தலையைக் கவிழ்த்து அழுதீர்கள். துபாயிலிருந்து அவர் மவுத்துச் செய்தி வந்த நாளில்கூட நீங்கள் அப்படி அழவில்லை. நான் அந்த அட்டையைப் பிடுங்கிச் சுரண்டிக்கொண்டு நின்றேன். நகத்தில் வெள்ளியாகத் தூள் ஒட்டியது. எட்டிப் பார்த்தீர்கள்.

"ஏ புள்ள, இது தகடுல்லா! கரண்டை மறிக்கச் சொன்னா, நாமளே பாலம் கட்டி விட்டிருக்கோம்!"

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு! மாமியாருக்குக் கேட்டுவிடும் என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டோம். இத்தாவில் இருப்பவள் சிரித்தாள் என்றால் ஊர் சும்மா விடுமா?

வெறும் தீப்பெட்டி அட்டையைச் செருகியதும் சரியாகிவிட்டது. ஒரு வண்டி பக்கத் தடத்தில் பேசாமல் நிற்க, இன்னொன்று அதைக் கடந்து ஓடியது. படிக்கட்டில் ஏறி வந்த என் வீட்டுக்காரர் திரைக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். "ரெண்டும் முட்டாம ஓடுதா மதினி?" என்றார். "ஓடுதுன்னு சொல்லு" என்றீர்கள் என்னிடம். அவர் அழுதுகொண்டே இறங்கிப் போனார். அழுதாரே ஒழிய, பலகை பிரிக்கிற ஆளை வரவேண்டாம் என்று சொல்லவில்லை.

மறுநாள் பலகையைப் பிரிக்கிற சத்தம் மேலே கேட்டுக்கொண்டிருக்க, உங்கள் தம்பியின் வேன் வாசலில் நின்றது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "போறியா, இருக்கியான்னு என்னைய ஒருத்தராச்சும் கேட்டாகளா?" என்றீர்கள். வேன் கிளம்பிவிட்டது. தம்பி வீட்டில் வேறொரு மாடி அறை, பிறகு நோய், போன வருடம் உங்கள் மவுத்துச் செய்தி. அங்கேயும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் லாத்தா.

போன வாரம் என் மகளை மதுரையில் அவள் அத்தை வீட்டில் விட்டுப் படிக்கவைப்பதாக இவர் முடிவாகச் சொன்னார். "அவகிட்ட கேட்டீகளா?" என்றேன். "சின்னப் புள்ளகிட்ட என்னத்தக் கேக்க?" என்றார். மகளைக் கூப்பிட்டு அவர் முன்னால் உட்காரவைத்தேன். அவர் வாய்விட்டுக் கேட்கும்வரை நான் சோறு பரிமாறவில்லை.